ஒன்பதாவது இலக்கம்

7

வாருங்கள், இன்னும் கிட்ட வாருங்கள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள் கண்ணுகளா, என் குரல் முன்போல் தூரத்துக்கு எட்டுவதில்லை. உங்களுக்கு ஒரு கதை சொல்லப்போகிறேன். அதில் ஒரு கணவன், ஒரு மனைவி, அவளுடைய அண்ணன், அப்புறம் ஓர் எண். எண் என்றதும் எழுந்து போய்விடாதீர்கள். நானே கூட்டலுக்கு விரல் விடுகிறவள்தான்.

இந்தக் கதை எப்படி வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பழைய புத்தகக் கடையில் ஒரு கட்டுப் புத்தகம் வாங்கினேன். அந்தக் கட்டுக்குள் நான் கேட்காமலே ஒரு கணக்குப் புதிர்ப் புத்தகம் ஒளிந்து வந்துவிட்டது. அட்டை இல்லை. அதில் ஒரு பக்கத்தின் அடியில் இந்த எண் இருந்தது:

73939133

ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து நூற்று முப்பத்து மூன்று. இது ஒரு பகா எண். அதாவது, பன்னிரண்டு பித்தான்கள் இருந்தால் மூன்று வரிசையாக, நான்கு வரிசையாக அழகாக அடுக்கலாம். ஏழு பித்தான்களை அப்படி அடுக்க முடியாது, ஒரே வரிசையில்தான் வைக்க முடியும். சமமாகப் பிரிக்க இடம் கொடுக்காத எண், பகா எண். இந்தப் பெரிய எண்ணும் அந்த ஏழு மாதிரிதான், பிரியாது.

அதோடு நிற்கவில்லை. கடைசி இலக்கத்தை வெட்டிவிடுங்கள். 7393913. அதுவும் பகா எண். இன்னொன்றை வெட்டுங்கள், 739391. அதுவும். 73939, 7393, 739, 73, கடைசியில் வெறும் 7. வாலை வெட்ட வெட்ட, மிஞ்சுவது ஒவ்வொரு முறையும் முழுசாகவே நிற்கிறது.

(739 வரைக்கும் நானே வகுத்துப் பார்த்துவிட்டேன். 7393-க்கு ஒரு முழு மதியம் ஆனது. அதற்கு மேல் புத்தகத்தை நம்பினேன். நீங்கள் என்னை நம்புங்கள்.)

படித்ததும் எனக்குத் தோன்றியது, இது எண்ணைப் பற்றிய தகவல் இல்லை, யாரோ ஓர் ஆளைப் பற்றிய சேதி. அந்த ஆள் யார் என்றுதான் தெரியவில்லை. அவரைத் தேடித்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஒரு விஷயம். இந்தக் கதையின் பகுதிகளுக்கு ஒன்று, இரண்டு என்று போடாமல் அந்த எண்ணின் இலக்கங்களையே வரிசையாகப் போடப்போகிறேன். திகைக்க வேண்டாம். எட்டு இலக்கம், எட்டுப் பகுதி. அடுப்பில் ஏதாவது வைத்துவிட்டு வந்திருந்தால் எந்தப் பகுதியோடு வேண்டுமானாலும் எழுந்து போங்கள், எனக்குக் கோபமில்லை.

3

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"கணிதப் பேராசிரியர் தன் கரும்பலகையைப் பார்த்துப் பெருமூச்சு"

வேண்டாம். பேராசிரியர் வந்தால் பாடம் நடத்துவார். நீங்கள் கொட்டாவி விடுவீர்கள், நான் உங்களுக்குப் பரிந்துகொண்டு அவரைத் திட்டுவேன்.

இரண்டாவது முறை:

"பூட்டுக் கடைக்காரர் அந்த இரும்புப் பெட்டியின் எட்டு இலக்கங்களையும்"

இதுவும் வேண்டாம். பெட்டி என்றால் திறந்தாக வேண்டும், திறந்தால் உள்ளே ஏதாவது இருந்தாக வேண்டும். எனக்கு அந்தத் தொல்லை எதற்கு?

பிறகு ஒருநாள் பேருந்துச் சீட்டைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தேன். மூலையில் சிவப்பாக ஒரு வரிசை எண். இதை எவரோ ஒருவர் அடித்திருக்கிறாரே என்று நினைத்ததும், மனதுக்குள் ஏதோ ஓர் அச்சகத்தின் பின்னறையில் ஒரு மனிதர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடி, கைவிரலில் சிவப்பு மை. "என்னம்மா, இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்று கேட்கிற முகம்.

9

அது ஒரு சின்ன அச்சகம். முன்னறையில் கணினி, வண்ண அச்சு எல்லாம். பின்னறையில் பழைய நம்பர் மெஷின். வரிசை எண் வேண்டிய நுழைவுச்சீட்டு, டோக்கன் எல்லாம் அதன் கீழ்தான் வந்தாக வேண்டும். எட்டு இரும்புச் சக்கரங்கள் ஒரே கம்பியில் கோத்திருக்கும். ஒவ்வொன்றின் விளிம்பிலும் பூச்சியம் முதல் ஒன்பது வரை. கைப்பிடியை இழுத்தால் டக்கென்று ஓர் எண் பதியும், வலக்கோடிச் சக்கரம் ஓர் எண் நகரும். அது ஒரு சுற்று முடித்தால்தான் அதற்கு அடுத்தது அசையும். அதனால் எப்போதும் முதலில் தேய்வது வலக்கோடிதான். நாற்காலியை வலப்பக்கம் போட்டு, வலக்கையால் இழுக்க வேண்டும்.

அதை இழுத்தவர்தான் நம் ஆள். அச்சகத்தில் எல்லோருக்கும் அவர் நம்பர்காரர். அடுத்த மேசையில் தாள் மடித்து, தைத்து, பசை ஒட்டிப் புத்தகமாக்குகிறவள் அவர் மனைவி. அவளுக்குப் பெயர் பைண்டரம்மா. அச்சகம் அவளுடைய அண்ணனுடையது.

ஒவ்வொரு வேலையையும் தொடங்குமுன் சக்கரங்கள் சரியாகப் பதிகின்றனவா என்று பழைய தாளில் அடித்துப் பார்ப்பார்கள். நம்பர்காரர் எப்போதும் ஒரே எண்ணைத்தான் அடிப்பார். அந்த வீண் தாள்கள் மனைவியின் மேசைக்குப் போகும், பசை பூசும்போது கீழே விரித்துக்கொள்ள. மிஞ்சியவை வீட்டு அலமாரித் தட்டுகளுக்கு. அவர்கள் வீட்டில் சர்க்கரை டப்பாவைத் தூக்கினால் கீழே 73939133 இருக்கும்.

"ஏன் மாப்ள, ஊர்ல எல்லாரும் ஒண்ணு ரெண்டு மூணுன்னு வரிசையா வெச்சு அடிச்சுப் பாப்பாங்க. இது என்ன, பழைய காதலியோட போன் நம்பரா?" என்பார் அண்ணன்.

"அதெல்லாம் இல்ல மச்சான். டீ நேரத்துல வகுத்து வகுத்துக் கண்டுபிடிச்சது. இதை எவனாலும் பிரிக்க முடியாது."

"அப்ப கல்யாணம் இதோடதான் ஆயிருக்கு. என் தங்கச்சி வெறும் சாட்சிக் கையெழுத்து."

"அண்ணே, நீ உள்ள வந்தாலே பசை காஞ்சு போகுது. முன்னாடி போய் உக்காரு போ" என்பாள் பைண்டரம்மா.

அந்த எண்ணில் அப்படி என்னதான் இருக்கிறது என்று அவள் கேட்டதில்லை. அவரும் விவரமாகச் சொன்னதில்லை. கூடவே வாழ்கிறவர்களிடம் கேட்க நமக்கு எப்போதும் நாளை இருக்கிறதே.

3

இந்தப் பகுதியை எழுதாமல் தாண்டிவிட முடியுமா என்று பார்த்தேன். முடியவில்லை. ஒரு காலையில் முகம் மழித்துக்கொண்டிருந்த நம்பர்காரரின் கையிலிருந்து சவரக்கத்தி நழுவியது. பக்கவாதம்.

பிழைத்தார். மெல்ல நடக்கவும் ஆரம்பித்தார். வலக்கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, இடக்கை நன்றாக இருந்தது. புத்தியும் தெளிவு. பேச்சு மட்டும் வால் இழந்தது. தொடக்கம் சரியாக வரும், முடிவு வராது.

"அந்த ஜன்னலைக் கொஞ்சம்…"

"திறக்கணும், அவ்வளவுதானே? இதோ" என்று ஓடுவாள் மனைவி.

[தலைப்பக்கமிருந்து வெட்டினால் அந்த எண்ணுக்கு இந்த மாயம் கிடையாது. வெட்டிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் 33 மிஞ்சும். அது மூன்று பதினொன்றாக உடைந்துவிடும். இவருக்குப் போனது தலை இல்லை, வால். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.]

முதலில் அது உதவியாகத்தான் இருந்தது. நாள் ஆக ஆக அவள் வேகம் கூடியது. அவர் வாய் திறக்கும்போதே அவள் முடித்து வைப்பாள்.

"இன்னிக்கு நான் கொஞ்சம்…"

"சூடா பால் வேணும். தெரியுமே! உங்க மனசு எனக்குத் தெரியாதா?"

அவருக்கு வேண்டியது தெருமுனை வரை ஒரு நடை. பாலைக் குடித்தார்.

(இந்த இடத்தில் பேச்சுப் பயிற்சி தருகிற ஒரு பெண்ணைக் கொண்டுவந்தேன். அவள் உள்ளே வந்த மாத்திரத்தில் எல்லாவற்றையும் விளக்கத் தொடங்கினாள். நல்ல பெண்தான். வாசல்வரை கொண்டுபோய் விட்டுக் கதவைச் சாத்திவிட்டேன்.)

9

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். பழங்களை மேசைமேல் வைத்துவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"மாப்ள, சுத்தி வளைக்கல. பெரிய வேலை ஒண்ணு வந்திருக்கு. உங்க மெஷின் சும்மா நிக்குது. தெரிஞ்ச ஆளு ஒருத்தர் இருக்கார். போட்டுக்கவா? இல்ல, நீங்க வர்ற வரைக்கும் வேலையைத் தள்ளி வெக்கவா? உங்க வார்த்தைதான்."

நம்பர்காரர் நிமிர்ந்தார். பல நாளாக இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல.

"மெஷின்…"

நெற்றியில் வியர்வை பொடித்தது. அண்ணன் தரையைப் பார்த்தார். ஒரு மனிதன் சொல்லைத் தேடுவதைப் பார்ப்பது எல்லோருக்கும் கூச்சம்தான்.

"மெஷின்… எ…"

"மெஷின் எத்தனை நாளைக்குச் சும்மா நிக்கும், அந்த ஆளையே போட்டுக்கோங்கன்றார்ணே" என்றாள் பைண்டரம்மா. "அவருக்கு இனிமே முடியாது. அவருக்கே தெரியுது."

அண்ணனின் கண் கலங்கிவிட்டது. எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "பெரிய மனசு மாப்ள உங்களுக்கு."

நம்பர்காரர் மனைவியைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு எழுதச் சுலபமாக இருந்திருக்கும். தெருவில் யாரோ தன் பெயரைத் தங்களுடையது என்று சொல்லிக்கொண்டு நடந்துபோவதைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டார். பாதி வாக்கியம்கூட இல்லை. கேட்டால் தலையசைப்பு, அவ்வளவே. அச்சகத்தில் அந்த நாற்காலியில் புது ஆள் உட்கார்ந்தார்.

1

இது சின்னப் பகுதி. பைண்டரம்மாவைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம்: நான் அவளைக் கெட்டவளாக்கிவிட்டேனா?

இல்லை. கைப்பிடியை இழுக்கும்போது கால் தடுக்கி அவர் இரும்பின்மேல் விழுவதை அவள் மனதுக்குள் எத்தனையோ முறை பார்த்துவிட்டாள். பயம் பேசியது, அவர் குரலில். நானும் என் பாத்திரங்களின் வாயில் இப்படித்தானே சொற்களை வைக்கிறேன்? அவர்கள் என்னைத் திரும்பிப் பார்ப்பதில்லை, அது ஒன்றுதான் வித்தியாசம்.

3

இனி நடந்தது ஒரு மதியத்தில். அவரைத் தனியாக விட மனமில்லாமல் பைண்டரம்மா மடிக்கிற வேலையை வீட்டுக்கே கொண்டுவந்திருந்தாள். பசைக்கு அடியில் வழக்கம்போல வீண் தாள், சிவப்பு மையில் அந்த எண்.

நம்பர்காரர் இடக்கையால் அந்தத் தாளை உருவினார்.

"ஐயோ, பசை! கையெல்லாம் ஒட்டும், குடுங்க."

கொடுக்கவில்லை. எண் இருந்த ஓரத்தை நீளமாகக் கிழித்தார். கடைசி 3-ஐப் பின்னால் மடித்தார். 7393913 என்று நின்றது. மேசையிலிருந்த கால்குலேட்டரை அவள் பக்கம் நகர்த்தினார்.

"என்ன விளையாட்டு இது? பேசச் சொன்னா வாய் வராது, கணக்குன்னா கை வருதா?"

அவர் வகுத்தல் குறியைத் தட்டிக் காட்டினார். அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு வகுத்தாள். மூன்றால், ஏழால், பதினொன்றால், பதின்மூன்றால்.

"புள்ளி வருது. இதுக்கும் புள்ளி. என்னங்க, இது எதுலயும் போகமாட்டேங்குதே."

அவர் இன்னொரு இலக்கத்தை மடித்தார். மறுபடி வகுத்தாள். புள்ளி. இன்னொரு மடிப்பு. புள்ளி. துண்டு சுருங்கச் சுருங்க அவள் வீம்பு வளர்ந்தது. பசை காய்வதைக்கூட மறந்தாள்.

"எழுநூத்தி முப்பத்தொன்பது… இதாவது போகும் பாருங்க. ம்ஹூம். எழுபத்தி மூணு… இதுவுமா? அட, கடைசியா ஏழு! ஏங்க, எவ்வளவு மடிச்சாலும் உடையமாட்டேங்குதே இது!"

சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு நாளாகியிருந்தது.

அவர் சிரிக்கவில்லை. மிஞ்சியிருந்த 7-ஐத் தொட்டார். பிறகு அந்த விரலாலேயே தன் நெஞ்சைத் தொட்டார்.

அவள் சிரிப்பு அப்படியே நின்றது.

அவர் துண்டை முழுசாகப் பிரித்து, மேசையில் நீவி வைத்தார். பென்சிலை அவள் கையில் கொடுத்து, கடைசி 3-க்குப் பக்கத்திலிருந்த வெற்றிடத்தைக் காட்டினார்.

"இங்க எழுதணுமா? என்ன எழுத?"

தோளைக் குலுக்கினார். எது வேண்டுமானாலும்.

2 எழுதினாள். "அட, இது ரெட்டைப்படை. ரெண்டால போயிடும்." அழித்தாள். 5 எழுதி, அதையும் தானே அழித்தாள். பிறகு 1 போட்டாள். ஒன்பது இலக்கம் கால்குலேட்டருக்குள் நுழையாது. அவர் பென்சிலை வாங்கி, இடக்கையின் கோணல் எழுத்தில் மூன்றால் வகுத்தார். 246463777. மீதமில்லை. 7 போட்டாள். அதுவும் மூன்றாலேயே போனது. 3 போட்டாள். கொஞ்சமும் யோசிக்காமல் 127 என்று எழுதி வகுத்துக் காட்டினார். 5821979, மீதமில்லை. மிஞ்சியது 9. அதையும் போட்டாள். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, புதுத் தாளை எடுத்தார்.

அவள் அவர் கையைப் பிடித்தாள். "போதும்ங்க. நம்புறேன். மடிச்சா உடையல. எதை ஒட்டினாலும் உடையுது."

சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டாள்.

"நான்தான் ஒட்டிக்கிட்டே இருக்கேனா?"

அவர் உதடு அசைந்தது.

"ஒட்…"

அவள் வாய் தானாகத் திறந்தது. முடிவு நாக்கு நுனியில் தயாராக இருந்தது. மடிக்க வைத்திருந்த தாளின் ஓரத்தைப் பல்லால் கடித்துக்கொண்டாள்.

"ஒட்டா…"

அங்கே நின்றது. அவள் காத்திருந்தாள். அதற்கு மேல் எதுவும் வரவில்லை. வரவேண்டியதும் இல்லை.

வாயிலிருந்து தாளை எடுத்தாள். "சரிங்க" என்றாள்.

3

மறுநாள் காலை இருவரும் அச்சகத்துக்குப் போனார்கள். புது ஆள் நாற்காலியிலிருந்து எழுந்து, "உக்காருங்க சார்" என்றார். ஒல்லியானவர், மரியாதையானவர். அவரை வெறுக்க நான் எவ்வளவோ முயன்றேன், இடம் கொடுக்கவில்லை.

"வாங்க மாப்ள! சும்மா பாத்துட்டுப் போகலாம்னா?" என்றார் அண்ணன்.

"மெஷின்…" என்றார் நம்பர்காரர்.

எல்லோரும் பைண்டரம்மாவைப் பார்த்தார்கள். பழக்கம். அவள் பசை டப்பாவுக்குள் குனிந்து, அதைவிட முக்கியமான வேலை உலகத்தில் இல்லை என்பது போலக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

முன்னறையில் தொலைபேசி அடித்து ஓய்ந்தது.

"எனக்கு."

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

"எனக்கு… என்ன மாப்ள? எனக்கு வேண்டாமா? எனக்குக் கஷ்டமா?" அண்ணன் தவித்தார். "ஏம்மா, என்ன சொல்ல வர்றார்?"

"சொல்லி முடிச்சிட்டார்ணே."

"என்னது?"

"மெஷின் எனக்குன்னார். அதுல என்ன குறை? அன்னிக்கு நான் சொன்னது அவர் பேச்சே இல்ல, என் பயம். இதுதான் அவர் பேச்சு."

அண்ணன் தங்கையைப் பார்த்தார். மாப்பிள்ளையைப் பார்த்தார். தொங்கும் வலக்கையையும், தெம்பான இடக்கையையும் பார்த்தார். காதைச் சொறிந்துகொண்டார். பிறகு குனிந்து, மெஷினுக்கு வலப்பக்கம் கிடந்த நாற்காலியைத் தூக்கி, இடப்பக்கமாக

கண்ணுகளா, இங்கே என் பேனா நின்றுவிட்டது.

நிற்கவிடாமல் ஓட்டிப் பார்க்கவும் செய்தேன். ஒன்பதாவது பகுதி ஒன்று எழுதினால் என்ன? நான்கு விதமாக எழுதினேன்.

1: நம்பர்காரருக்கு அந்த நிமிஷமே பேச்சு முழுசாகத் திரும்பிவிடுகிறது. ஒரு பக்கம் அதிசயம், ஒரு பக்கம் கண்ணீர், ஒரு பக்கம் கைதட்டல். மூன்றாக உடைந்தது.

7: புது ஆள் தானாகவே விலகிப் போகிறார், அண்ணன் மன்னிப்புக் கேட்கிறார். இதையும் அதே மூன்று வந்து உடைத்தது.

3: நம்பர்காரர் வீட்டிலேயே ஒரு மெஷின் வாங்கிப் போட்டு, அதற்குச் சிவப்பு வண்ணம்… நானே தூங்கிவிட்டேன்.

9: நாற்காலி இடப்பக்கம் வருகிறது. நம்பர்காரர் இடக்கையால் கைப்பிடியை இழுக்கிறார். புது ஆள் எதிரில் நின்று தாளை நீட்டுகிறார். வேலை மெதுவாகத்தான் நடக்கிறது, ஆனாலும் நடக்கிறது. இந்த முடிவு லேசில் உடையவில்லை. நாள்கணக்கில் தட்டித் தட்டிப் பார்த்தேன், அதை உடைக்கிற எண் எனக்கு இன்னும் அகப்படவில்லை. புத்தகம் மட்டும், ஒன்பதாவது இலக்கமாக எதைப் போட்டாலும் உடைந்தே தீரும் என்கிறது. கணக்கு விஷயத்தில் நான் புத்தகத்தோடு சண்டைக்குப் போவதில்லை. ஆனாலும் அந்தத் தாளை இன்னும் கிழிக்கவில்லை, தலையணைக்கு அடியில்தான் இருக்கிறது.

ஆகவே எட்டோடு நிறுத்துகிறேன். அண்ணன் கையில் நாற்காலி இருக்கிறது, கால்கள் தரையை விட்டு எழும்பிவிட்டன, எந்தப் பக்கம் போகிறது என்று நீங்களும் பார்த்தீர்கள். அந்த வாக்கியத்துக்கு வால் இல்லையே என்று நினைக்காதீர்கள். மடித்துப் பாருங்கள், வகுத்துப் பாருங்கள். அது முழுசு. இனி அது உங்களுடையது. பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், எதையும் ஒட்டாமல்.

போய்வாருங்கள் என் தங்கங்களே. உங்கள் வீட்டில் யாருடைய பேச்சும் பாதியில் பறிபோகாமல் இருக்கட்டும். பாதியில் நின்றாலும், பசை காய்ந்தாலும் பரவாயில்லை என்று காத்திருக்கிற ஒருவர் அந்த வீட்டில் எப்போதும் இருக்கட்டும். உங்கள் அலமாரித் தட்டெல்லாம் நிறைந்திருக்கட்டும், கதவுகள் திறந்திருக்கட்டும், எண்ணிக்கை எதுவானாலும் உங்கள் குடும்பம் பிரியாத எண்ணாக நிலைத்திருக்கட்டும்.